பிரேக் பெடலில் சிவப்புப் புள்ளி: தடிமனைக் கூட்ட வேண்டுமா?

ஆகஸ்ட் 3, இரவு 10.12 (கேள்வி)

இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோவையில் நடக்கும் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் பந்தயக் கார் போட்டிக்காக எங்கள் அணி கார் செய்கிறது. பிரேக் பெடல் என் பொறுப்பு. 6061-டி6 அலுமினியம், தடிமன் 20 மி.மீ., அகலம் 36 மி.மீ. பெடல் சுழலும் அச்சான பிவட்டிலிருந்து பாதம் படும் இடம் 200 மி.மீ. உயரத்திலும், பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலான புஷ் ராடு 40 மி.மீ. உயரத்திலும் இருக்கின்றன. விதியில் சொன்ன 2000 நியூட்டன் விசையைக் கொடுத்துக் கணினியில் பகுப்பாய்வு செய்தால் ஒரு மூலை சிவந்து 610 மெகாபாஸ்கல் தகைவு என்கிறது. கணக்குக்காகப் பெடலைத் துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ்ஷைப் பொடியாக்கினால் 840. இந்த அலுமினியமோ 276இலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். தடிமனை 30 ஆக்கு, இல்லையென்றால் 7075 அலுமினியத்துக்கு மாறு என்கிறார் அணித் தலைவர். எதைச் செய்வது?

ஆகஸ்ட் 3, இரவு 11.05 (பதில்)

இரண்டும் வேண்டாம். கணினியை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள்.

பாதம் 200இல், புஷ் ராடு 40இல். நெம்பு விகிதம் 5. பெடல் அதிகமாக வளைய முயல்வது புஷ் ராடு தாங்கும் இடத்தில்தான். அங்கே வளைவுத் திருப்புத்திறன் 2000 × 160, அதாவது 320 நியூட்டன் மீட்டர். வளைவை எதிர்க்கும் குறுக்குவெட்டு அளவான செக்‌ஷன் மாடுலஸ் 36 × 20 பட்டைக்கு 4320 கன மி.மீ. வகுத்தால் 74 மெகாபாஸ்கல். அந்த இடத்திலேயே, மிதிப்பை முன், பின் சக்கரங்களின் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் பேலன்ஸ் பாருக்கு 24 மி.மீ. துளை போடுவீர்கள். துளையைக் கழித்துப் போட்டாலும் 105தான் வருகிறது. 276 தாங்கும் உலோகத்தில் 105.

அப்படியானால் 610 எங்கிருந்து வந்தது? மெஷ் பொடியாகப் பொடியாக எண் ஏறிக்கொண்டே போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அதில்தான் இருக்கிறது. உள்மூலையை ஆரமே இல்லாமல் கூர்மையாக வரைந்திருப்பீர்கள். ஆரம் பூஜ்யமான உள்மூலையில் தகைவு கணக்குப்படி முடிவிலி. மெஷ்ஷைச் சிறிதாக்கும்போது அந்த முடிவிலியை இன்னும் கிட்டே போய்ப் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். 6 மி.மீ. ஆரம் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மெஷ்ஷைப் பாதியாக்கினாலும் எண் அசையாமல் நின்றால் மட்டும் அதை நம்புங்கள்.

ஆகஸ்ட் 4, காலை 6.50

தூங்கப் போன பிறகு இன்னொன்று உறுத்தியது. பெடலை எங்கே பிடித்து வைத்துப் பகுப்பாய்வு செய்தீர்கள்? பிவட் துளை, புஷ் ராடு துளை இரண்டின் சுவர்களையும் அசையாதவை என்று கொடுத்திருந்தால் நீங்கள் ஆராய்ந்தது பெடலை அல்ல, சுவரில் பதித்த ஒரு கம்பியை. உண்மையான பெடல் பிவட்டில் சுழலும். புஷ் ராடு தன் நீளவாக்கில் மட்டும் எதிர்த்துத் தள்ளும். பிவட்டைச் சுழல விடுங்கள். புஷ் ராடின் திசையில் மட்டும் தடை கொடுங்கள்.

அப்போது புஷ் ராடு 10,000 நியூட்டன் தாங்கும். பிவட் 12,000 தாங்கும். பெடலை விட இந்த இரண்டு எண்களுக்காகக் கவலைப்படுங்கள்.

ஆகஸ்ட் 4, பிற்பகல் 1.20

மேலே 12,000 என்று எழுதியது தவறு. விசைகளைக் கூட்டிப் பார்க்கும்படி ஒரு வாசகர் எழுதியிருந்தார், அவர் சொன்னதே சரி. பாதம் 2000ஐ முன்னோக்கித் தருகிறது. புஷ் ராடு 10,000ஐப் பின்னோக்கித் தருகிறது. மிச்சம் 8,000. அதைப் பிவட் முன்னோக்கித் தர வேண்டும்.

எண்ணை விடத் திசைதான் முக்கியம். பிவட் பெடலை முன்னோக்கிப் பிடிக்கிறது என்றால், பெடல் பிவட்டை 8,000 நியூட்டனோடு பின்னோக்கி, ஓட்டுநரின் பக்கமாக இழுக்கிறது. மாஸ்டர் சிலிண்டரின் தாங்கியோ 10,000 வாங்கி முன்னோக்கிப் போகப் பார்க்கிறது. 40 மி.மீ. இடைவெளியில் இரண்டு பெரிய விசைகள் ஒன்றை ஒன்று பிய்த்துக்கொண்டு நிற்கின்றன. காரின் சட்டத்துக்கு வெளியே தெரிவது அவற்றின் வித்தியாசமாகிய 2000 மட்டும். இதைப் படமாக வரைந்து உங்கள் மேசைக்கு மேல் ஒட்டி வையுங்கள். இந்த இழையில் நான் சொல்லப்போவது எல்லாம் இதைப் பற்றித்தான்.

ஆகஸ்ட் 6, இரவு 9.30

உள்மூலை ஆரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். அதை நான் கற்றது வகுப்பில் அல்ல, கோவை கணபதி பகுதியில் ஒரு மில்லிங் பட்டறையில். மூன்றாம் ஆண்டில் என் பெடல் வரைபடத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். பட்டறைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் கட்டைவிரலை ஒரு உள்மூலையின் மேல் வைத்தார். விரல் நுனியில் எண்ணெய்க் கருப்பு. எடுத்தபோது தாளில் ரேகையோடு ஒரு வட்டம் விழுந்திருந்தது. ‘தம்பி, என் கட்டர் வட்டமாகத்தான் இருக்கிறது. இந்தக் கூர்மூலைக்குள் அது எப்படிப் போகும்?’ என்று கேட்டார்.

12 மி.மீ. கட்டர் விட்டுச் செல்லும் மூலையின் ஆரம் 6 மி.மீ. அதற்குக் கொஞ்சம் கூடுதலாக, 6.5 என்று வரைந்தால் கட்டர் மூலையில் திணறாமல் ஓடும், மேற்பரப்பும் வழவழப்பாக வரும். கூர்மூலை வேண்டும் என்று அடம் பிடித்தால் ஒயர் கட்டிங் அல்லது அரத்தால் தேய்ப்பது, இரண்டில் ஒன்று. கணினி சிவப்பாகக் காட்டிய அதே மூலையைத்தான் அவரும் தொட்டார். உடையாத மூலையும் வெட்ட வசதியான மூலையும் ஒன்றே.

அவர் கேட்ட அடுத்த கேள்வி: ‘இதை வைஸில் எந்தப் பக்கமாகப் பிடிப்பது?’ அழகுக்காக இரண்டு ஓரங்களையும் வளைத்து வரைந்திருந்தேன், பிடிக்க நேரான பக்கமே இல்லை. ஒரு பக்கத்தையாவது நேராக விடுங்கள்.

ஆகஸ்ட் 7, காலை 7.15

7075 பற்றி. அதன் வலிமை 6061ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு, 500 மெகாபாஸ்கலை ஒட்டி. ஆனால் விறைப்பு? இரண்டுக்கும் யங் குணகம் 70 கிகாபாஸ்கலை ஒட்டித்தான். ஒரே விசைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வளையும். உங்கள் பெடல் உடையும் நிலையில் இல்லாதபோது வலிமையை விலை கொடுத்து வாங்குவதில் பயன் இல்லை.

ஆகஸ்ட் 11, இரவு 11.40

‘பெடல் உடையாது என்றால் வேறு எதற்குத்தான் கவலைப்பட வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கார் முதன்முதலாகத் தன் காலில் நின்ற வாரம். பிரேக்கை மிதித்தால் பஞ்சு மாதிரி இருந்தது. அழுத்திப் பிடித்தால் இரண்டு விரல் அகலத்துக்குக் கூடுதலாக இறங்கியது. குழாயில் காற்று இருக்கிறது என்று முடிவு கட்டினோம். எல்லோரும் அப்படித்தான் முடிவு கட்டுவார்கள். நான்கு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து காற்றை எடுத்தோம். மறுபடி எடுத்தோம். இரண்டு புட்டி பிரேக் ஆயில் தீர்ந்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் குமிழி ஒன்றுகூட வரவில்லை, பெடல் மட்டும் அப்படியே இறங்கியது.

களைத்துப்போய்த் தரையில் படுத்துவிட்டேன். காரின் மூக்குப் பக்கம் தலை. நண்பன் சும்மா பெடலை மிதித்துக்கொண்டிருந்தான். தரைத் தகடு பளபளப்பான அலுமினியம், 2 மி.மீ. அதில் பட்டறையின் டியூப்லைட் ஒரு நேர்க்கோடாகத் தெரிந்தது. அவன் மிதித்தபோது அந்தக் கோடு வில்லாக வளைந்தது. விட்டான், நேரானது. மிதித்தான், வளைந்தது. ‘இன்னொரு தடவை மிதி’ என்று கத்தினேன்.

பிவட் தாங்கியைத் தனியாகவும் மாஸ்டர் சிலிண்டர் தாங்கியைத் தனியாகவும் அந்த மெல்லிய தகட்டில் போல்ட் போட்டிருந்தோம். ஒன்று பின்னால் இழுக்க, மற்றது முன்னால் சாய, நடுவே தகடு முறுகிக்கொண்டிருந்தது. நெம்பு விகிதம் 5 என்பதால் மாஸ்டர் சிலிண்டர் 1 மி.மீ. நகர்ந்தால் பாதம் 5 மி.மீ. இறங்கும். பிவட் 1 மி.மீ. பின்னால் வந்தால் பாதம் 4 மி.மீ. இறங்கும். ஒரு மாதம் பெடலைச் செதுக்கிய நாங்கள் அதன் கீழிருந்த தகட்டுக்கு ஒரு மணி நேரம்கூடச் செலவிடவில்லை.

இரண்டு தாங்கிகளையும் ஒரே கெட்டியான அடித்தகட்டில் வையுங்கள். பக்கவாட்டில் இரண்டு சுவர்கள் எழும்பிய சேனல் வடிவம் நல்லது. பிவட்டும் மாஸ்டர் சிலிண்டரின் அடி போல்ட்டும் அதே சுவர்களில் துளைபோட்டு நிற்கட்டும். அந்த 8,000 நியூட்டன் சுவர்களுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். சட்டத்துக்கு 2000 மட்டும் போய்ச் சேரும்.

ஆகஸ்ட் 12, காலை 8.05

எடைக் கணக்கு. 20 மி.மீ. தடிமனில் 36 அகலம், 220 நீளம் என்றால் 428 கிராம். 12 மி.மீ. ஆக்கினால் 257. துளை இருக்கும் இடத்தில் தகைவு 175 ஆகும், எனக்கு அது கொஞ்சம் நெருக்கமாகத் தெரிகிறது. அந்த இடத்தில் மட்டும் அகலத்தை 36இலிருந்து 44 ஆக உப்ப விடுங்கள். 175 சட்டென்று 99க்கு இறங்கும். தடிமனைக் கூட்டினால் பலன் அதே விகிதத்தில்தான் கூடும். அகலத்தைக் கூட்டினால் இருபடியில் கூடும், துளை இருந்தால் அதற்கும் மேல். மிச்சப்படும் 170 கிராமையும் அடித்தகட்டுக்குக் கொடுங்கள்.

ஆகஸ்ட் 15, மாலை 4.00

பெடலைத் தகடுகளாக வெட்டி வெல்டிங் செய்யலாமா என்று ஒருவர். இரும்பில் தாராளமாகச் செய்யலாம், மலிவும்கூட. 6061-டி6இல் யோசித்துச் செய்யுங்கள். டி6 என்பது வெப்பப் பதப்படுத்தலால் வந்த வலிமை. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அது பாதியை ஒட்டி இறங்கிவிடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வெல்டிங் வேண்டும் என்றால் திருப்புத்திறன் குறைவாக இருக்கும் பாதத்தட்டின் பக்கம் வையுங்கள், துளையின் பக்கம் வேண்டாம். 7075ஐ வெல்டிங் செய்யவே நினைக்காதீர்கள், விரிசல் விடும்.

கார்பன் இழையில் செய்யலாமா என்றவருக்கு: விதி இடம் கொடுக்காது. இரும்பு அல்லது அலுமினியத்தில் கட்டியதாகவோ, இரும்பு, அலுமினியம், டைட்டானியம் இவற்றில் ஒன்றிலிருந்து கடைந்ததாகவோ இருக்க வேண்டும். இது நல்ல விதி. உலோகம் உடைவதற்கு முன் வளைந்து காட்டும்.

ஆகஸ்ட் 22, இரவு 10.30

பெடல் பிவட் போல்ட்டின் மேல் சுழல உதவும் குழல், அதாவது புஷ். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஓட்டுநரின் கால் பெடலின் நடுவில் படாது. காலணி விளிம்பு ஒரு பக்கமாக விழும். 2000 நியூட்டன் 20 மி.மீ. தள்ளி விழுந்தால் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 12 மி.மீ. பட்டை அதை எளிதாகத் தாங்கும், ஏறத்தாழ ஒரு பாகைதான் முறுகும். ஆட்டம் வருவது பிவட்டில். கன்மெட்டல் புஷ்ஷின் நீளம் பெடலின் தடிமன் அளவே, 12 மி.மீ. என்றும், போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.1 மி.மீ. தளர்வு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 200 மி.மீ. உயரத்தில் பெடல் பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடும். புஷ்ஷை 40 மி.மீ. நீளமாக்கினால் அதே தளர்வில் அரை மில்லிமீட்டர். பெடலின் அடியில் இருபுறமும் காது மாதிரி ஒரு உருளையை நீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

போல்ட்டின் மரை புஷ்ஷுக்குள் வரவே கூடாது. மரை இல்லாத வழவழப்பான உடல் பகுதியின் மேல்தான் புஷ் சுழல வேண்டும். கடையில் ‘முழு மரை’ போல்ட்டைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

செப்டம்பர் 5, இரவு 8.45

2000 நியூட்டனை எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி நல்ல கேள்வி. போட்டியில் ஆய்வாளர் இருக்கையில் உட்கார்ந்து தன் பலம் கொண்ட மட்டும் மிதிப்பார், விதி அதற்கு இடம் தருகிறது. அதற்கு முன் நீங்களே செய்து பார்த்துவிட வேண்டும்.

2000 நியூட்டன் என்றால் 204 கிலோ. பழைய இரும்புக் கடையில் தொங்கு தராசு இருக்கும், ஒரு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். பாதத்தட்டில் சங்கிலி, சங்கிலியில் தராசு, தராசுக்கு அப்பால் ஒரு செயின் பிளாக், அது ஒரு தூணில். மாஸ்டர் சிலிண்டருக்குப் பதிலாக அதே நீளத்தில் கெட்டியான கம்பிகளைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆயிலும் குழாய் வீக்கமும் கணக்கில் கலந்துவிடும். சங்கிலி விறைத்து நிற்கும்போது அதன் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. இதை ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நகர்வை அளக்கும் டயல் கேஜ் மூன்று இடத்தில்: பாதத்தட்டு, பிவட் போல்ட்டின் தலை, மாஸ்டர் சிலிண்டர் தாங்கி. கேஜின் காந்தக் கால் காரின் சட்டத்தில் நிற்கட்டும், தரைத் தகட்டில் வைக்காதீர்கள்.

செப்டம்பர் 19, இரவு 11.10

எண்கள் கிடைத்தன. அணி 12 மி.மீ. பெடல்தான் செய்திருக்கிறது. ஆனால் அடித்தகடு இன்னும் வரவில்லை என்று தாங்கிகளைத் தனித்தனியாகவே போட்டுச் சோதித்திருக்கிறார்கள். பாதத்தட்டு 11 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர் தாங்கி முன்னால் 1.1. பிவட் பின்னால் 1.0.

கூட்டிப் பாருங்கள். தாங்கியின் 1.1ஐ ஐந்தால் பெருக்கினால் 5.5. பிவட்டின் 1.0ஐ நான்கால் பெருக்கினால் 4. பெடல் தானாக வளைவது கணக்குப்படி 1 மி.மீ.க்குச் சற்று மேல். மொத்தம் பத்தரையைத் தாண்டுகிறது. மிச்சம் அரைக்கும் குறைவு, அது பின்களிலும் புஷ்ஷிலும் இருக்கும் தளர்வு. பதினொரு மில்லிமீட்டரில் பெடலின் பங்கு ஒன்று!

தம்பி, அன்று தடிமனை 30 ஆக்கியிருந்தால் இந்த ஒன்று அரைக்கும் கீழே போயிருக்கும். பத்து அப்படியே இருந்திருக்கும்.

செப்டம்பர் 20, காலை 6.30

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். உண்மையில் ஓட்டும்போது ஒருவரும் 2000 நியூட்டனால் மிதிப்பதில்லை. 400 நியூட்டன் மிதித்தால் புஷ் ராடுகளில் மொத்தம் 2000, இரண்டு சிலிண்டருக்கும் சரிபாதியாகப் பிரிந்தால் தலா 1000. 5/8 அங்குலத் துளை கொண்ட சிலிண்டரில் அது 50 பார் அழுத்தம் தரும். அந்த மிதிக்கு உங்கள் பாதத்தட்டு மொத்தமாக 2 மி.மீ. சொச்சம்தான் இறங்கும். எங்கள் பழைய கார் அளவுக்கு மோசம் இல்லை. ஆனாலும் அடித்தகட்டைப் போடுங்கள். நான்கு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய பிரேக் சோதனையில் ஓட்டுநர் பதற்றத்தில் 400 என்று அளந்து மிதிக்க மாட்டார்.

பேலன்ஸ் பாரில் புஷ் ராடைப் பிடிக்கும் கவையான கிளெவிஸுக்கும் பெடலுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்று இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இறுக்கமாக வாஷர் போட்டு அடைத்தால் பார் சாய முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

அக்டோபர் 14, இரவு 9.55

சேனல் வடிவ அடித்தகடு போட்ட பிறகு அதே 204 கிலோவுக்குப் பாதத்தட்டு 4 மி.மீ. மட்டும் நகர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு எழுந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நடந்தேன். அந்த டியூப்லைட் கோடு நினைவுக்கு வந்தது.

இப்போது அவசரமாக ஒன்று. பெடல் எல்லை மீறி இறங்கினால் காரை அணைக்கும் சுவிட்சைப் பழைய பெடலுக்கு அளந்து பொருத்தியிருப்பீர்கள். பெடல் இப்போது முன்பை விடக் குறைவாக இறங்குகிறது. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனியாக உள்ள ஆயில் பாதைகளில், அதாவது பிரேக் வட்டங்களில், ஒன்று போய்விட்டால் பெடல் அந்தச் சுவிட்சைத் தொடும் முன்பே நின்றுவிடக்கூடும். முன் வட்டத்தின் நிப்பிளைத் திறந்துவிட்டு மிதியுங்கள், சுவிட்ச் தட்ட வேண்டும். மூடுங்கள். பின் வட்டத்தைத் திறந்து மிதியுங்கள், அப்போதும் தட்ட வேண்டும். ஒன்றில் தட்டி மற்றதில் தட்டாவிட்டால், சுவிட்சின் தாங்கியில் துளைக்குப் பதிலாக நீள்துளை போட்டு நகர்த்திக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் காற்றை எடுக்க மறக்க வேண்டாம். இந்த முறை காற்று உண்மையாகவே உள்ளே போயிருக்கும்.